நீலகிரி டூர் போறீங்களா? ஆடியிலேயே சைக்கிளை எடுங்கள்

டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்கிற சைக்கிள் பயணம் 2008-இல் ஆரம்பித்தது. டிசம்பரில் கூட்டமாகக் கிளம்பி நாள்கணக்கில் மலையும் காடுமாகச் சுற்றுவார்கள், பையை வண்டி தூக்கி வரும், வழியில் தண்ணீர், பழம், மெக்கானிக் எல்லாம் உண்டு. அதனாலேயே சுலபம் என்று நம் கோவை, ஈரோட்டு ஆட்கள் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேருங்க. மறுநாள் விடியற்காலை வலியோடு அதே சீட்டில் ஏறி உட்காருவதுதான் பாடு.

ஆகவே இரண்டு நாளாகச் சேர்த்தே பழகுங்கள். சனிக்கிழமை கோவையிலிருந்து பொள்ளாச்சி போய்த் திரும்பினால் எண்பது கிலோமீட்டர் வரும், ஞாயிறு உடம்பு மாட்டேன் என்றாலும் ஆனைகட்டி. மெதுவாகப் போகலாம், போகாமல் மட்டும் இருக்கக் கூடாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, காசில்லாத பயிற்சி அது: பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் பக்கம் மேற்கே மிதித்தால் சமதளத்திலேயே தொடை எரியும், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் ஏற்றம். ஆழியார்–வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டியில் 36. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம், வால்பாறை ஏற்றம் நீண்டு நிதானமாகப் போகும், கல்லட்டி கொஞ்ச தூரத்திலேயே செங்குத்தாக நிமிர்த்திவிடும். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கில் (கேசட்) பெரியது 32 அல்லது 34 பல் இருக்கிற மாதிரி போட்டுக்கொண்டு வால்பாறையில் பழகுங்கள். இப்படி லேசாக மிதிக்கிற சின்ன கியர் போட்டால் கேவலம் என்று பேசுகிறவர்களைக் கல்லட்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது பார்க்கலாம். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதை வேண்டவே வேண்டாம், லாரிகளுக்கு நடுவில் 27 வளைவில் ஏறுவது பயிற்சியே இல்லை. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்தி, அப்புறம் விடுங்கள்.

சப்போர்ட் வண்டி பின்னால் வந்தாலும் இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப் உங்களிடம் இருக்க வேண்டும், பஞ்சரான டியூபை நீங்களே மாற்றத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் வண்டி வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும். சைக்கிள் ஷார்ட்ஸ் குறைந்தது மூன்று எடுங்கள், உள்ளாடை இல்லாமல் போட வேண்டியது அது, உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வேஸ்லினோ தாராளமாகத் தடவுங்கள். டிசம்பர் ஊட்டிக் குளிரில் துவைத்தது ராத்திரியில் காயாது, அதனால்தான் மூன்று.

பசிக்கும் முன்னே சாப்பிடுங்கள். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் போதும், வெறும் தண்ணீராகக் குடிக்காமல் உப்பும் சேர வேண்டும். முதல் நாள் யாரோடும் போட்டி போடாதீர்கள். முடியாவிட்டால் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் வருகிறது.

காட்டு ரோட்டில் தனியாகப் பிரிந்து போகக் கூடாது. முன்னால் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், பின்னால் வருகிறவர்களையும் கையைக் காட்டி நிறுத்துங்கள், போனை எடுக்காதீர்கள்.