திருச்சபை சொல்லாததற்கு வக்காலத்து வேண்டாம்: நம்பிக்கையை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்மூர்க் கத்தோலிக்கரிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி வருவது பெரும்பாலும் கல்யாண வீட்டில், ஆபீஸ் டீ இடைவேளையில், இல்லையென்றால் பெந்தகோஸ்தே சபைக்குப் போய்விட்ட சித்தப்பா வீட்டில். "சிலையை ஏன் கும்பிடுறீங்க?", "மாதா என்ன தெய்வமா?", "உங்க போப் தப்பே பண்ணமாட்டாராமே?" கேட்பவர் தெரிந்துகொள்ளவும் கேட்கலாம், வம்புக்கும் கேட்கலாம். எப்படிக் கேட்டாலும் நாம் சறுக்குவது ஒரே இடத்தில்தான். திருச்சபை உண்மையில் என்ன கற்பிக்கிறது என்று பார்த்துக்கொள்ளாமல், அது சொல்லாத ஒன்றுக்காக மல்லுக்கட்டுகிறோம்.

மாதாவிலிருந்தே தொடங்கலாம், பாதிக் கேள்விகள் அங்கேதான் வருகின்றன. "அதெல்லாம் சும்மா ஒரு மரியாதைதான்" என்று மழுப்புவது முதல் தவறு. சப்பரத்தில் வைத்து, மாலை போட்டு, முழங்காலில் நிற்கிறோம். பார்ப்பவருக்கு அந்தப் பதில் பொய்யாகத்தான் படும். பெரிய வணக்கம் செலுத்துகிறோம் என்று ஒத்துக்கொண்டு, அப்புறம் வித்தியாசத்தைக் காட்டுங்கள். அது நாம் தினமும் சொல்லும் செபத்திலேயே இருக்கிறது. பழைய பிரார்த்தனையில் கடவுளை நோக்கி "எங்களைத் தயைபண்ணி இரட்சியும் சுவாமி" என்கிறோம். மாதாவிடமும் புனிதர்களிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதோடு சரி. திருப்பலி கடவுளுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கப்படுகிறது. செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணியில் நடக்கும் திருப்பலியும் மாதாவுக்குக் கொடுக்கும் பலி அல்ல. உருவங்களுக்குச் செய்யும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு என்று 787-லேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் பிரித்துச் சொல்லிவிட்டது.

ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வதில் நியாயம் இருக்கும் நேரமும் உண்டு. மகன் மறுத்தாலும் அம்மா கொடுத்துவிடுவார் என்கிற மாதிரிப் பேசுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதற்கு முட்டுக்கொடுக்காதீர்கள். மரியா பக்தியில் மிகைப்படுத்தல் வேண்டாம், குறுகிய மனமும் வேண்டாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு எச்சரிக்கிறது. சில செபக் குழுக்கள் மரியாவுக்கு விரும்பிப் பயன்படுத்தும் 'இணை மீட்பர்' என்ற பட்டம் பொருத்தமானதல்ல என்று 2025 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறையும் சொல்லிவிட்டது. அந்தப் பட்டத்துக்காக நீங்கள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றால், உரோமையே விட்டுவிட்ட இடத்தில் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள்.

இன்னொன்று, நம்மவர்களே குழப்பிக்கொள்வது: அமல உற்பவம். மரியா கன்னியாக இயேசுவைக் கருத்தரித்ததுதான் அது என்று மறைக்கல்வி எடுக்கும் சிலரே சொல்லக் கேட்கலாம். நாள்காட்டியைப் பாருங்கள். அமல உற்பவத் திருவிழாவான டிசம்பர் 8-லிருந்து எண்ணினால் சரியாக ஒன்பதாம் மாதம் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். அதாவது அன்னம்மாளின் வயிற்றில் மரியா கருவானபோதே ஜென்மப் பாவமின்றிக் காக்கப்பட்டார் என்பதுதான் 1854-ல் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்த கோட்பாடு. இயேசு கருவானதற்கு மார்ச் 25 தனியாக இருக்கிறது. அங்கிருந்து டிசம்பர் 25-க்கும் அதே ஒன்பது மாதம்.

போப் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. அவர் பாவமே செய்யமாட்டார், விமானத்தில் நிருபர்களிடம் பேசியதும் வேதவாக்கு என்று யாரும் கற்பிக்கவில்லை. 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வழுவாவரத்துக்கு, அதாவது போப் போதனையில் தவறாத வரத்துக்கு, நிபந்தனைகள் உண்டு: விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும், இறுதியான தீர்ப்பாக அறிவிக்கும்போது மட்டும். அதற்குப் பின் அப்படி வெளிப்படையாக நடந்தது 1950-ல், மரியாவின் விண்ணேற்பைப் பன்னிரண்டாம் பத்திநாதர் பிரகடனம் செய்தபோது. முதல் போப் என்று நாம் சொல்லும் பேதுருவையே பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்தது கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

வேதாகம வசனச் சண்டையில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரி. இறந்தவர்களுக்காக ஏன் செபிக்கிறீர்கள் என்று கேட்டால் உடனே இரண்டாம் மக்கபேயர் 12 என்று எடுத்துவிடுகிறோம். கேட்டவர் கையில் இருக்கும் 66 புத்தக புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் மக்கபேயரே கிடையாது. அவருக்கு அது சாட்சியே ஆகாது. உடனே "லூத்தர் கிழித்து எறிந்துவிட்டார்" என்று பாய்வதும் தவறு. 1534-ல் வந்த தம் வேதாகமத்தில் அவர் மக்கபேயர் போன்ற அந்த நூல்களை அச்சிட்டார், ஆனால் தனிப் பகுதியாக ஒதுக்கி வைத்தார். "பதினாறாம் நூற்றாண்டுத் திரிதெந்து சங்கத்தில் நீங்கள் புதிதாகச் சேர்த்தீர்கள்" என்று கேட்டவர் சொன்னால், 397-ல் கூடிய கார்த்தேஜ் சங்கத்தின் பட்டியலிலேயே அவை இருந்தன என்று நிதானமாகச் சொல்லலாம். உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சின்ன நரகமாகவோ இரண்டாவது வாய்ப்பாகவோ விவரிக்காதீர்கள். கடவுளின் அருளில் இறந்து, மீட்பு உறுதியாகிவிட்டவர்களுக்கான தூய்மைப்படுத்தலைப் பற்றித்தான் மறைக்கல்வி ஏடு பேசுகிறது. இதைச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கும்.

சண்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கு எதிராக வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்' எழுதினார். அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சூடு குடும்பப் பந்திக்கு உதவாது. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் திருமுழுக்குப் பெற்றவரைத் திருச்சபை மறுபடி முழுக்காட்டுவதில்லை. பிரிந்திருந்தாலும் சகோதரர் என்றே அழைக்கிறது. அவரைக் 'கள்ள உபதேசி' என்று திட்டிவிட்டுக் கத்தோலிக்கத்தைக் காப்பாற்றியதாக நினைப்பது வேடிக்கை.

இந்து நண்பர் கேட்பது வேறு: "அப்ப எங்களுக்கெல்லாம் நரகம்தானா?" ஆமாம் என்று அடித்துச் சொல்வது பக்தி போலத் தோன்றும். அமெரிக்காவின் பாஸ்டனில் லியோனார்ட் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு இதையே பிடிவாதமாகப் போதித்தார். 1949-ல் உரோமை அதைத் திருத்தி எழுதியது. உரோமைக்கு அழைத்தும் போகாததால் ஃபீனி 1953-ல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி வாழ முயல்பவரும் மீட்படையலாம் என்பதே மேலே சொன்ன 1964-ம் ஆண்டு ஏட்டின் போதனை. "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று மறுபக்கம் சாய்வதும் அந்த ஏட்டில் இல்லை. அவர் அடையும் மீட்பும் கிறிஸ்து வழியாகவே என்று திருச்சபை நம்புகிறது. இதை நண்பரிடம் மறைக்க வேண்டியதில்லை.

காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பது, மொட்டை, கொடியேற்றம், தேர்பவனி எல்லாம் வழக்கம், கோட்பாடு அல்ல. குருக்கள் மணம் செய்யாமை கூட ஒழுங்குமுறைதான். உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் மணமான குருக்கள் இருக்கிறார்கள். லூர்து, பாத்திமாவில் மாதா தந்ததாகச் சொல்லும் காட்சிகளை நம்பியே ஆக வேண்டும் என்றும் கட்டாயமில்லை. இவற்றில் நம் விசுவாசத்தையே பணயம் வைத்தால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு அற்புதம் பொய்யாகும் நாளில் எல்லாமே பொய்யாகத் தெரியும்.

கடைசியாக, கோட்பாடே சம்பந்தப்படாத கேள்வி: "உங்க கோயில்ல சாதி இல்லையா?" இல்லை என்று சொல்பவர் அங்கேயே தோற்றார். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. தலித் மக்கள் மேல் பாகுபாடு திருச்சபைக்குள் இன்னும் இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒத்துக்கொண்டது. ஆயர்கள் ஒத்துக்கொண்டதை நாம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ஆவணத்தைக் காட்டிவிட்டு நழுவவும் முடியாது. உங்கள் கோயில் தேர் எந்தெந்தத் தெருவுக்குள் போவதில்லை என்று நண்பர் அடுத்துக் கேட்பார்.