திருப்பூர் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? கவரிங் லெட்டரில் இந்தத் தவறுகள் வேண்டாம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். மெர்ச்சண்டைசர் (துணி வாங்குகிற கம்பெனிக்கும் எங்கள் உற்பத்திக்கும் நடுவே நின்று ஆர்டரை முடித்துக்கொடுப்பவர்) வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் இரண்டே நாளில் மெயில் வந்து குவிந்துவிடும். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது நான்தான். வேலை தெரிந்த பிள்ளைகள்கூட கடிதத்தால் கழிந்துபோவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

சில தவறுகள் வெறும் கவனக்குறைவு. சப்ஜெக்ட்டில் 'ரெஸ்யூமே' என்று மட்டும் இருக்கும், உள்ளே ஒரு வரிகூட இருக்காது. நாற்பது கம்பெனிகளின் முகவரி வரிசையாகத் தெரிகிற மாதிரி ஒரே மெயிலை அனுப்பியிருப்பார்கள். போன வாரம் விண்ணப்பித்த கம்பெனியின் பெயர் அப்படியே கிடக்கும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் இவற்றில் பாதி சரியாகிவிடும்.

பெயரெல்லாம் சரியாக இருந்தும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற கடிதம்தான் பெரிய சிக்கல். 'சவாலான சூழலில் பணிபுரிந்து என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்ற வரியை ஆங்கிலத்தில் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது ஏஐ எழுதித் தருவதால் இலக்கணப் பிழை குறைந்திருக்கிறது. ஆனால் பத்துப் பேர் கடிதம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிறது. எழுதி முடித்ததும் கம்பெனி பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதையே அனுப்பலாம் போலிருந்தால் இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது.

பனியன் கம்பெனி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று வெளியூர்ப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். இங்குள்ள பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டைக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிற உள்நாட்டு உற்பத்தியாளருக்கு தீபாவளி, பொங்கல் சீசன்தான் உயிர். வியாபாரிகளிடம் பேசுவதும் நிலுவையை வசூலிப்பதும் தெரிந்த ஆள் அவருக்கு வேண்டும். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவருக்கோ பையரின் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின்) மெயிலுக்கு அன்றைக்கே தெளிவாகப் பதில் போட வேண்டும், சாம்பிள் தேதி தவறக்கூடாது, ஆர்கானிக் துணி என்றால் அதற்கான சான்றிதழ் வேலையும் சேர்ந்து வரும். சொந்தமாக டையிங் வைத்திருப்பவரின் கவலை வேறு. 2011-ல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊர் மறக்கவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று ஒருவர் எழுதினால் அந்த முதலாளி நிச்சயம் கவனிப்பார். விண்ணப்பிப்பதற்கு முன் கம்பெனியின் இணையதளத்தில் பத்து நிமிடம் செலவழித்தால் அது இதில் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

'அனுபவமே இல்லையே, என்னத்தை எழுதுவது?' என்று புதிதாக முடித்தவர்கள் கேட்கிறார்கள். ஒரு மாத பயிற்சிக்குப் போயிருப்பீர்களே, அதிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்கத் தெரியும்' என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம் (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணித் துண்டு): 'பயிற்சியின்போது ஒரு டி-ஷர்ட்டுக்கு நான்கு நிற லேப் டிப்களைப் பின்தொடர்ந்தேன். நேவி நிறம் இரண்டு முறை ரிஜெக்ட் ஆனது. பகல் வெளிச்சமான டி65-ல் சரியாக இருந்த ஷேடு, கடை வெளிச்சமான டிஎல்84-ல் மாறித் தெரிந்தது. டையிங் மாஸ்டரிடம் லைட் பாக்ஸில் காட்டிப் பேசினோம், மூன்றாவது முறை அப்ரூவல் வந்தது.' இதைப் படித்ததும் இந்தப் பிள்ளைக்கு வேலை எங்கே சிக்கும் என்று தெரியும், டையிங் யூனிட்டுக்கு நேரில் போகத் தயங்காது என்று எனக்குப் புரிந்துவிடும். அன்றைக்கே போன் செய்வேன்.

அடுத்ததைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை படிக்கிறாள், இந்த வேலை கிடைத்தால் தங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருப்பேன்' என்று எழுதுகிறார்கள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது விடுப்புக் கடிதமும் கலெக்டருக்கு மனுவும்தான். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற அந்தக் குரல் வேலைக் கடிதத்துக்கும் வந்துவிடுகிறது. படிக்கும்போது மனசு கனத்துப்போகும். ஆனால் மெர்ச்சண்டைசிங் மேனேஜரிடம் இந்த ஆளைப் பாருங்கள் என்று சொல்ல அதில் எனக்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை. உங்கள் அவசரம் தெரிந்துவிட்டால் சம்பளம் பேசும்போது குறைத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கஷ்டத்தைக் கடிதத்தில் எழுதி உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்பா பெயர், சாதி, மதம், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் தேவையில்லை. ரெஸ்யூமேயில் இருப்பதைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். அரைப்பக்கம் தாராளம்.

விளம்பரத்தில் ஏதாவது கேட்டிருந்தால் அதற்குப் பதில் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் எதிர்பார்க்கும் சம்பளத்தையும் எப்போது சேர முடியும் என்பதையும் கேட்டிருப்போம். பலர் இரண்டையும் தொடுவதே இல்லை. இப்போது வேலையில் இருந்தால் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று எழுதுங்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கும் நேரத்தில் ஆள் எடுக்கிறவருக்கு 15 நாளுக்கும் 60 நாளுக்கும் பெரிய வித்தியாசம்.

தஞ்சாவூர், திருநெல்வேலி பக்கமிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் ஆள் என்றதும் தங்க இடம் கிடைக்காமல் ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவாரோ என்ற பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அவிநாசி ரோட்டில் அண்ணன் வீடு இருக்கிறது என்றோ, ஹாஸ்டல் பார்த்துவிட்டேன் என்றோ உண்மையைச் சொல்லிவிட்டால், நேர்காணலில் நான் முதலில் கேட்கும் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.