நாட்டுப்பற்று: பேராசிரியர்கள் வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்கத்தா இந்து கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்தபோது கவிஞர் டெரோசியோவுக்கு வயது 17. எதையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவைத் தாய்நாடாகப் பாடிக் கவிதையும் எழுதினார். 1831இல் அவரை வெளியேற்றினார்கள். அந்தக் கல்லூரி பின்னாளில் பிரசிடென்சி கல்லூரி ஆனது. அங்கேதான் 1916இல், இந்திய மாணவர்களை இழிவாக நடத்தினார் என்று ஆங்கிலேயப் பேராசிரியர் ஓட்டனுடன் எழுந்த மோதலில் மாணவர் சுபாஷ் சந்திர போஸ் நீக்கப்பட்டார். டெரோசியோ கற்பித்த விதத்தாலும் ஓட்டன் நடந்துகொண்ட விதத்தாலும் மாணவர்களின் நாட்டுணர்வைத் தூண்டினார்கள். இன்றைய ஆசிரியருக்கும் இந்த இரண்டு வழிகள்தான் உள்ளன. தவறுகள் நேர்வதும் இவற்றில்தான்.

முதல் தவறு, நாட்டையும் ஆட்சியையும் ஒன்றாக்குவது. அரசின் திட்டம் ஒன்றைக் குறைசொன்ன மாணவரை வகுப்பில் 'தேசவிரோதி' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மற்றவர்கள் அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியருக்குப் பிடித்ததை மட்டும் விடைத்தாளில் எழுதுவார்கள். அதைப் பற்று என்று நம்பி நாம் ஏமாறுவோம். வன்முறையைத் தூண்டாதவரை அரசைக் கடுமையாக விமர்சிப்பது தேசத்துரோகக் குற்றமாகாது என்று 1962இலேயே கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை வகுப்பில் நடத்த எளிய வழி உண்டு. பேச்சுரிமைக்கான விதிவிலக்குகளிலிருந்து தேசத்துரோகம் என்ற சொல்லை நீக்கக் கோரி உறுப்பினர் கே.எம்.முன்ஷி 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் பேசியதில் இரண்டு பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள். 50 நிமிட வகுப்பில் 10 நிமிடம் படிக்கட்டும், 15 நிமிடம் நான்கு நான்கு பேராகப் பேசட்டும், 20 நிமிடம் பொது விவாதம். கடைசி 5 நிமிடத்தில் தன் கருத்தை அவரவர் எழுதட்டும். ஒரு விதி மட்டும் கட்டாயம்: மறுத்துப் பேசுபவர், முதலில் எதிர்த்தரப்பின் கருத்தை அவர்களே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். இந்த விதியைக் கைவிட்டால் பத்தே நிமிடத்தில் விவாதம் கட்சிச் சண்டையாகிவிடும்.

இரண்டாவது தவறு, மதிப்பெண்ணைக் காட்டி வரவழைப்பது. பல கல்லூரிகளில் 100க்கு 25 உள்மதிப்பீடு; அது ஆசிரியர் கையில் இருக்கிறது. சுதந்திர தின வருகையை அதனோடு முடிச்சுப் போட்டால் கூட்டம் வரும், கையெழுத்துப் போட்டதும் கலையும். கட்டுரைகளையும் ஆதாரத்துக்கும் தர்க்கத்துக்கும் மட்டுமே மதிப்பிடுங்கள். அளவுகோலை முன்கூட்டியே அறிவித்து, பதிவெண்ணை மறைத்து, தாள்களைச் சக ஆசிரியரிடம் மாற்றித் திருத்துவது நல்லது.

நாட்டுப்பண் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று மாணவர்களைக் கேரளப் பள்ளி ஒன்று நீக்கியது செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாயசைக்கிறார்களா என்று வரிசையில் நடந்து பார்க்கும் ஆசிரியர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

அடிப்படைக் கடமைகளை ஒப்பிக்க வைப்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசமைப்பின் 51ஏ பிரிவில் 1976இல் 10 கடமைகள் சேர்ந்தன, 2002இல் பதினொன்றாவது வந்தது. கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதிப்பது பற்றிய முதல் கடமையைச் சுவரில் எழுதுகிறோம். அறிவியல் மனப்பான்மையும் கேட்டறியும் உணர்வும் வேண்டும் என்கிற எட்டாவது கடமையைத் தாண்டிப் போய்விடுகிறோம். நாட்டுப்பண்ணை எழுதிய தாகூரே 1916–17இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆற்றிய உரைகளில் தேசியவாதத்தை எச்சரித்துப் பேசியவர். இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லத் தயங்க வேண்டாம்.

மிகவும் வருத்தம் தருவது, காலடியில் இருக்கும் வரலாற்றை விட்டுவிடுவது. தஞ்சை மாவட்டத்தில் படிக்கும் மாணவருக்கு தண்டி யாத்திரை தெரியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் தன் ஊர் வழியாகவே போனார்கள் என்பது தெரியாது. அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்தால் சிறை என்று ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தச் சாலையில் 20 பேரை அழைத்துப் போய், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதை எழுதிவரச் சொல்லுங்கள். நூறு பேரைப் பேருந்தில் ஏற்றினால் அது சுற்றுலாவாகிவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240, தவிர ஏழு நாள் முகாம். இந்த நேரத்தை வளாகத்தைப் பெருக்குவதிலும் பதாகை ஊர்வலத்திலும் கழிப்பது வீண். 18 வயதானவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் படிவம் 6ஐ நிரப்ப உதவலாம். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் 18 வயதைக் கணக்கிடும் தகுதி நாட்கள். முகாம் நடக்கும் ஊரின் குடிநீர்க் குழாய்கள் எத்தனை, தண்ணீர் வராத தெரு எது, அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, கிராம சபையில் மாணவர்களையே படிக்கச் சொல்லலாம். அந்தக் கணக்கில் சாதி தெரியவரும். அப்போது பேச்சை மாற்றாமல் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.