மான் நம் வாடையை மோப்பம் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? முதல்முறை மான் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

புள்ளிமானைக் கிட்டத்தில் படமெடுக்க ஆசைப்படும் தம்பி தங்கச்சிமார் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. யூடியூப்பில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் போட்டுக்கொண்டு போகிறார்களே, வாசனை மறைக்கும் உடுப்பு, அதை வாங்கிப் போட்டால் மான் நம்மை மோப்பம் பிடிக்காதா?

கொஞ்சம் உதவலாம் என்பதுதான் என் பதில். ஆனால் காற்று உங்கள் பக்கமிருந்து மானின் பக்கம் வீசினால் எந்த உடுப்பும் கைகொடுக்காது. மானின் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு வீசினால் துவைத்த பழைய பருத்திச் சேர்ட்டே போதும். ஆகவே பல பத்தாயிரம் ரூபாவை உடுப்பில் போடுவதற்கு முன் நம்ம ஊர்க் காற்றைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கமராவோடு போகிறவர்களுக்கு எழுதியது. அமெரிக்காவில் வெள்ளைவால் மானை அனுமதிப்பத்திரம் எடுத்து, அதற்கென்று ஒதுக்கிய பருவத்தில் வேட்டையாடலாம். அந்த உடுப்பு பிறந்ததே அதற்காகத்தான். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. கொல்வதும் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் குற்றம். "நல்ல மான் இறைச்சி வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மானுக்கும் பன்றிக்கும் கட்டிய கம்பிக் கண்ணியில் சிறுத்தையும் யானைக் குட்டியும் சிக்கிச் சாகின்றன. அந்த இறைச்சியை வாங்க ஆள் இருக்கும் வரை கண்ணியும் இருக்கும்.

படி 1: வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக மணம் கிடையாது. அக்குள் போன்ற இடங்களில் சுரக்கும் கொழுப்புக் கலந்த வியர்வையைத் தோலில் வாழும் பக்றீரியா உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. அதோடு, கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் உடம்பிலிருந்து ஓயாமல் உதிர்ந்து காற்றோடு போகின்றன. இதற்கெல்லாம் மேல் மூச்சு. உடுப்பு தோளையும் காலையும் மூடும், மூச்சை மூடாது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மானின் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். காற்றில் வரும் மணத்துகள்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையைத் தூக்கி, மூக்கை நக்கிக்கொண்டு ஒரு மான் அப்படியே நின்றால் அது உங்கள் பக்கத்துக் காற்றைச் சோதித்துப் பார்க்கிறது.

படி 2: உடுப்பு என்ன செய்யும், என்ன செய்யாது

சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, துணியில் வெள்ளி போன்ற பக்றீரியாவைக் கட்டுப்படுத்தும் பொருள் சேர்த்தது. வாடை உண்டாவதையே இது குறைக்கும். உண்டான வாடையைப் பிடித்து வைக்காது.

மற்றது, துணி அடுக்குகளுக்கிடையே தூண்டப்பட்ட கரி வைத்தது. இந்தக் கரி உண்மையிலேயே கெட்டிக்காரப் பொருள். ஒரு கிராம் கரியில் இருக்கும் நுண்துளைகளின் உட்பரப்பை விரித்தால் 500 சதுர மீற்றருக்கு மேல் வரும். மணத்தை உண்டாக்கும் மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், துளைகள் நிரம்பிக்கொண்டே போகும். நம்ம கிழக்குக் கரைபோல ஈரப்பதம் கூடிய இடத்தில் நீராவியும் அந்த இடத்துக்குப் போட்டி போடும். உடுப்பை வீட்டு உலர்த்தி இயந்திரத்தில் போட்டுச் சூடாக்கினால் கரி மறுபடி புதிதாகும் என்று சிலர் சொல்வார்கள். தொழிற்சாலைகளில் கரியை முழுமையாக மீட்பதற்குப் பல நூறு பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வீட்டு இயந்திரம் அந்தப் பக்கமே போகாது. லேசாக ஒட்டியிருக்கும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

2002இல் ஜோன் ஷிவிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆட்களைத் தேடும் பயிற்சி பெற்ற நாய்களை வைத்து இதைச் சோதித்தார். கரி உடுப்புப் போட்டவர்களும் போடாதவர்களும் ஒளிந்திருக்க, நாய்கள் தேடின. உடுப்பினால் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. காற்றும் காலநிலையும்தான் தேடலை மாற்றின. நாய் வேறு, மான் வேறு என்பது சரிதான். ஆனாலும் வாங்குவதா விடுவதா என்று யோசிக்கிறவருக்கு இது முக்கியமான தகவல்.

இன்னொன்று, இதுதான் நம்ம நாட்டில் பெரிய தலையிடி. இந்த உடுப்புகளில் பெரும்பாலானவை இலைதழை அச்சடித்தவை. இராணுவச் சீருடையைப் போன்ற உடுப்பைப் பொதுமக்கள் இலங்கையில் போடுவது சட்டப்படி குற்றம். அதைப் போட்டுக்கொண்டு பொத்துவில் வீதியில் சோதனைச் சாவடிக்காரரிடம் மான் கதை சொல்லி விளங்கப்படுத்த முடியாது. வாங்குவதானால் அச்சில்லாத மண்ணிறம் அல்லது மங்கிய பச்சையைத் தேடுங்கள்.

படி 3: இருக்கும் உடுப்பையே தயார்ப்படுத்துங்கள்

கரி உடுப்பு இல்லாமலேயே வாடையைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்பது என் அனுபவம். முழுக்கை பருத்திச் சேர்ட், நீளக் காற்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் மணமில்லாத சவர்க்காரத்தில் துவையுங்கள். கிடைக்காவிட்டால் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் கிட்டவே வேண்டாம். வெள்ளையாக்கும் சலவைத்தூளும் வேண்டாம். அதிலுள்ள பொருள் துணியை நீலமாக ஒளிரச் செய்யும். நீல நிறம் மானின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். குசினிப் பக்கத்துக் கொடியில் போட்டால் கருவாட்டு மணம் முழுக்க ஏறிவிடும். காய்ந்ததும் புதுப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

அப்புறம் பலர் விடும் பிழை: அந்த உடுப்பை மட்டக்களப்பில் வீட்டிலேயே போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்படுவது. பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். வழியில் பெற்றோல் அடித்து, அக்கரைப்பற்றில் கொத்து ரொட்டி சாப்பிட்டு, வியர்த்து ஒழுகிப் போய்ச் சேரும்போது அவ்வளவு துவைத்ததும் வீண். போய்ச் சேர்ந்த பிறகு மாற்றுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய், பூ, சென்ட், வெற்றிலை, சிகரெட் எதுவும் வேண்டாம். நுளம்புத் தைலம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு மணம் இருந்தாலும் டெங்கு வாங்குவதைவிட மான் ஓடிப்போவது மேல். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் உண்ணியும் ஏறாது.

படி 4: காற்றைப் படியுங்கள்

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. நேரமெடுத்துப் படியுங்கள்.

முதலில் கருவி. முற்றிய இலவங்காய் ஒன்றை உடைத்துப் பஞ்சைச் சின்னப் போத்தலில் அடைத்துக்கொள்ளுங்கள். எருக்கலம் பஞ்சும் நல்லது. ஒரு இழையை விரலிடுக்கில் பிடித்து விடுங்கள். அது முதலில் எந்தப் பக்கம் போகிறது என்பதோடு நிறுத்தாமல், கண்ணுக்குத் தெரியும் வரை பின்தொடர்ந்து பாருங்கள். வெளியில் நேராகப் போன பஞ்சு, காட்டு ஓரத்து மரவரிசையில் முட்டியதும் மேலே எழும்பி, சுழன்று, சில நேரம் உங்கள் காலடிக்கே திரும்பி வரும். உங்கள் வாடையும் அதே பாதையில்தான் போகிறது. முகத்தில் காற்றுப் படுகிறது என்று நம்பி உட்கார்ந்தவரை மான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்தச் சுழலால்தான்.

அடுத்தது நேரம். நம்ம கரையில் பெருங்காற்று இல்லாத நாட்களில் இரவும் விடியற்காலையும் தரையிலிருந்து கடலுக்குக் காற்றுப் போகும். வெயில் ஏற ஏற அது ஓய்ந்து, ஒன்பது பத்து மணிவாக்கில் கடற்காற்றுத் தொடங்கும். நமக்குக் கடல் கிழக்கே. அப்படியானால் விடியற்காலையில் மானுக்குக் கிழக்கே இருங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று மானைக் கடந்து உங்களிடம் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும்பி மானின் மேல் வெளிச்சம் போடும். பின்னேரம் இதற்கு எதிர்மாறு. மானுக்கு மேற்கே இருங்கள். கடற்காற்று முகத்தில், சாயும் சூரியன் முதுகில். படமெடுக்கிறவருக்குக் காற்றும் வெளிச்சமும் இப்படி ஒரே பக்கம் சேர்ந்து கிடைப்பது கிழக்குக் கரையின் கொடை. மேற்குக் கரைக்காரருக்கு இது கிடைக்காது.

கச்சான் வீசும் மாதங்களில் கணக்கு மாறும். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் அந்தச் சூடான வறண்ட காற்று கடற்காற்றை அமுக்கிவிடலாம். அன்றைக்குப் பின்னேரமும் மானுக்குக் கிழக்கேதான் இருக்க வேண்டும். சூரியன் எதிரே நிற்கும், நிழலுருப் படம்தான் கிடைக்கும். மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். மானுக்குத் தென்மேற்கே இடம் பிடியுங்கள்.

இங்கினியாகலப் பக்கம் போல மலை இருக்கும் இடத்தில் இன்னொரு விதி: வெயில் ஏறும்போது காற்றுச் சரிவில் மேலே போகும், அந்தியில் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் மேட்டிலும் பின்னேரம் பள்ளத்திலும் இருங்கள்.

தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்றுத் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரம் மோசமானது. பஞ்சு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தொங்கும். அந்த நேரத்தில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள்.

படி 5: எங்கே உட்காருவது

குமண தேசிய பூங்காவில் வாகனத்தை விட்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. அங்குள்ள மான்கள் ஜீப்பின் டீசல் மணத்துக்குப் பழகியவை. ஆகவே அங்கே வாசனை உடுப்புக்கு வேலையே இல்லை. எஞ்சினை நிறுத்தி, எழும்பி நிற்காமல், சத்தம் போடாமல் இருந்தால் போதும். லகுகலவில் பிரதான வீதி ஓரத்திலிருந்தே பார்க்கலாம். பாணமையிலிருந்து உகந்தை முருகன் கோயிலுக்குப் போகும் பாதையிலும் விடியற்காலையில் மான் கூட்டம் தென்படும். அங்கேயும் வாகனத்துக்குள்ளேயே இருங்கள்.

மறைந்திருந்து பார்க்க ஆசையென்றால் காட்டோர வயல்தான் நல்ல இடம். வயற்கார அண்ணனிடமோ முஸ்லிம் காக்காவிடமோ கேட்டு, பகலில், அவர்களுடைய காவல் பரணில் ஏறி இருங்கள். உயரத்தில் இருந்தால் வாடை கிட்டத்து மானின் தலைக்கு மேலால் போய்விடும். யானை வந்தாலும் தரையில் நிற்பதைவிடப் பாதுகாப்பு.

யானையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைவால் மான் வேட்டைக்காரருக்குக் காட்டில் யானை இல்லை. நமக்கு உண்டு, கரடியும் உண்டு. உங்கள் முதுகுப் பக்கமிருந்து, அதாவது காற்றுப் போகும் பக்கமிருந்து வரும் யானைக்கு உங்கள் வாடை முன்கூட்டியே தெரியும். பெரும்பாலும் விலகிப் போகும். முன்பக்கமிருந்து வருவதற்குத் தெரியாது, அது நேரே உங்கள் மேல் வந்து நிற்கும். கரடியும் அப்படித்தான். எதிர்பாராமல் கிட்டத்தில் மனிதனைக் கண்டால் பாயும். நம்ம காட்டில் வாடையை முழுக்க மறைப்பது ஆபத்தும்கூட. அதனால் நடந்து போகும்போது கதைத்துக்கொண்டே போங்கள், பரணில் ஏறிய பிறகு அமைதியாகுங்கள்.

படி 6: மான் கண்டுகொண்டதா என்று பாருங்கள்

மேய்ந்துகொண்டிருந்த மான் தலையைத் தூக்கி, காதிரண்டையும் உங்கள் பக்கம் திருப்பி, முன்னங்காலால் தரையை உதைத்தால் சந்தேகப்படுகிறது. அசையாதீர்கள், கமராவையும் தூக்காதீர்கள். வாலைத் தூக்கிக்கொண்டு கூர்மையாகக் கத்தினால் விஷயம் முடிந்தது. உயரத்தில் மந்தி இருந்தால் இன்னும் கவனம். மந்தி கண்ணால் பார்த்துக் கத்தும், மான் மூக்கால் பிடித்துக் கத்தும், ஒன்றின் குரலுக்கு மற்றது ஓடும். வாடையை எவ்வளவு குறைத்தாலும் மந்தியிடம் அது செல்லாது.

படி 7: வாங்குவதற்கு முன் சோதனை

நண்பர் யாரிடமாவது கரி உடுப்பு இருந்தால் இரவல் வாங்குங்கள். ஒரே பரண், ஒரே நேரம். சில காலைகள் அந்த உடுப்போடும் சில காலைகள் துவைத்த பருத்திச் சேர்ட்டோடும் போய் இருங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: பஞ்சு போன திசை, மான் எவ்வளவு தூரத்தில் தலை தூக்கியது, ஓடியதா நின்றதா, மந்தி கத்தியதா. காற்று மான் பக்கம் போன நாட்களை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். அந்த நாட்களில் கரி உடுப்போடு இருந்தபோது மான் இன்னும் கிட்ட வந்திருந்தால் வாங்குங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தக் காசில் லென்ஸ் ஒன்று வாங்கலாம். கொஞ்சம் நீளமான லென்ஸாகப் பாருங்கள், மானிடமிருந்து தள்ளியே இருக்கலாம்.