குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கு நூலகத்தில் கட்டுரை தேடுவது எப்படி: வயதைப் பிடியுங்கள்

வளர்ச்சி உளவியலில் ஆய்வு தொடங்கும் பலர் தலைப்பைத் தேடல் பெட்டியில் அப்படியே தட்டிவிடுகிறார்கள். கட்டுரைகள் குவிகின்றன. தேவை ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றியது. வந்து நிற்பவையோ பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியவை. வயதைக் கட்டுப்படுத்தத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையில் பாதித் தேடல் முடிந்த மாதிரி. என்னை அதிகம் அலையவிட்டதும் அதுதான். அதனால் அந்தப் படியை மட்டும் இங்கே நீட்டி எழுதியிருக்கிறேன்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் போவோம்: குழந்தை விரலால் சுட்டிக்காட்டுவதற்கும், பிறகு அது பேசும் சொற்களின் அளவுக்கும் தொடர்பு உண்டா? வயது 18 முதல் 30 மாதம். நூலகக் கணக்கும் உள்நுழையும் வழியும் உங்களிடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை உடையுங்கள்

நடத்தை, விளைவு, வயது என்று மூன்று துண்டு. தரவுத்தளங்கள் ஆங்கிலத்தில் இயங்குவதால் ஒவ்வொரு துண்டுக்கும் ஆங்கில மாற்றுச்சொற்களை எழுதிவையுங்கள். சுட்டுவதற்கு 'பாயின்டிங்', 'ஜெஸ்சர்', 'ஜாயின்ட் அட்டென்ஷன்'. சொல்வளத்துக்கு 'வொகாபுலரி', 'லெக்சிகல் டெவலப்மென்ட்', 'லாங்குவேஜ் அக்விசிஷன்'. ஒரு துண்டுக்குள் இருப்பவற்றை 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் சேருங்கள்; துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே 'அண்ட்'. இரண்டு சொற்கள் ஒட்டியே வர வேண்டுமானால் இரட்டை மேற்கோள்.

நட்சத்திரக் குறியில் (*) கவனம் தேவை. ஒரு சொல்லின் பின்னால் அதைப் போட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தளம் தேடும். 'சைல்ட்' என்பதன் பின்னால் அதைப் போட்டால் 'சில்ட்ரன்' வராது என்று யாராவது கவலைப்பட்டால் அது வேண்டாம், வரும். கூடவே 'சைல்ட்பர்த்' என்ற சொல்லும் வரும். பிரசவம் பற்றிய கட்டுரைகள் வந்து நிரம்பிவிடும். 'சைல்ட்', 'சில்ட்ரன்' இரண்டையும் தனித்தனியே எழுதுவதே நல்லது.

படி 2: எங்கே தேடுவது

என் வரிசை: சைக்இன்ஃபோ, பப்மெட், எரிக். சைக்இன்ஃபோ அமெரிக்க உளவியல் சங்கம் நடத்தும் தளம். அதில் இருப்பது கட்டுரைச் சுருக்கமும் விவரக் குறிப்பும். முழுக் கட்டுரையை வேறு வழியில்தான் எடுக்க வேண்டும். ஒரே சைக்இன்ஃபோவை எப்ஸ்கோ, ஓவிட், ப்ரோக்வெஸ்ட் என்று வெவ்வேறு வாசல்கள் வழியாக நூலகங்கள் தருகின்றன. உங்கள் திரை இன்னொருவர் திரையைப் போல இல்லாததற்குக் காரணம் அதுதான். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான பப்மெட்டும், அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக்கும் எல்லோருக்கும் இலவசம்.

கூகுள் ஸ்காலரை நான் கடைசியில்தான் திறப்பேன். ஆய்வில் பங்கேற்றவர்களின் வயதைக் கொண்டு முடிவுகளைக் குறைக்கும் வயது வடிகட்டியே அதில் இல்லை.

படி 3: வயது

சைக்இன்ஃபோவின் வயதுப் பிரிவுகள் இப்படி: பிறப்பு முதல் 1 மாதம் 'நியோனேட்டல்', 2 முதல் 23 மாதம் 'இன்ஃபன்சி', 2 முதல் 5 வயது 'ப்ரீஸ்கூல் ஏஜ்', 6 முதல் 12 'ஸ்கூல் ஏஜ்', 13 முதல் 17 'அடோலசன்ஸ்'. நம் குழந்தைகளுக்கு 18 முதல் 30 மாதம். 'இன்ஃபன்சி'யை மட்டும் தேர்ந்தெடுத்தால் இரண்டு வயது நிறைந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். 'இன்ஃபன்சி', 'ப்ரீஸ்கூல் ஏஜ்' இரண்டு பெட்டியையும் 'டிக்' செய்யுங்கள்.

பப்மெட்டில் எல்லைகள் சற்று மாறும். அங்கே 'அடோலசன்ட்' 13 முதல் 18 வரை. பதினெட்டு வயதுக்காரர் ஒரு தளத்தில் பெரியவர், இன்னொன்றில் வளரிளம் பருவத்தினர். இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பப்மெட்டின் வயது வடிகட்டி, கட்டுரைக்கு ஏற்றப்பட்ட 'மெஷ்' குறிச்சொற்களை நம்பியே வேலை செய்கிறது. குறிச்சொல் இன்னும் ஏறாத புதிய கட்டுரைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதனால் இரண்டு முறை தேடுங்கள். முதலில் வடிகட்டியோடு. பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு, 'இன்ஃபன்ட்', 'டாட்லர்', '18 மந்த்ஸ்' போன்ற சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடி, அண்மைய ஆண்டுகளைப் பாருங்கள்.

கட்டுரை கைக்கு வந்ததும், பங்கேற்றவர்களை விவரிக்கும் 'பார்ட்டிசிபன்ட்ஸ்' பகுதிக்கு நேராகப் போங்கள். சுருக்கத்தில் 'இரண்டு வயதுக் குழந்தைகள்' என்று இருந்தாலும் உண்மையான வயது எல்லை அங்கேதான் இருக்கும். குழந்தை மொழி ஆய்வுகளில் 1;6 என்று எழுதியிருந்தால் ஒரு வருடம் ஆறு மாதம், அதாவது 18 மாதம். அதை 1.6 என்று அட்டவணையில் ஏற்றினால் கணக்கே மாறிவிடும். குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வென்றால், கொடுத்திருப்பது பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதா, பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணிய திருத்திய வயதா என்று பாருங்கள். மூன்று மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இரண்டுக்கும் இடையே மூன்று மாத வித்தியாசம். ஒன்றரை வயதில் அது சிறிய விஷயம் இல்லை.

படி 4: தளத்தின் சொல்லைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு தளமும் ஒரு கருத்துக்குத் தனக்கென்று ஒரு குறிச்சொல் வைத்திருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பற்றுறவைப் பப்மெட் 'ஆப்ஜெக்ட் அட்டாச்மென்ட்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. யாரும் தானாக ஊகிக்க முடியாத பெயர். சுலபமான வழி: மிகப் பொருத்தமான ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் குறிச்சொற்களைப் பார்த்து, அவற்றைக் கொண்டு மறுபடி தேடுங்கள். வளர்ச்சியைத் தொடர்ந்து பின்பற்றிய ஆய்வுகள் மட்டும் வேண்டுமென்றால் சைக்இன்ஃபோவில் ஆய்வுமுறை வடிகட்டியில் 'லாங்கிட்யூடினல் ஸ்டடி' இருக்கிறது.

கூகுள் ஸ்காலருக்கு இப்போதுதான் வேலை. நல்ல கட்டுரையைப் பிடித்து, 'சைட்டட் பை' அழுத்தி, அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்த கட்டுரைகளைப் பாருங்கள்.

படி 5: முழுக் கட்டுரையும் தரவும்

பணம் கேட்டால் உடனே கட்டாதீர்கள். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டும். உளவியல் முன்பதிப்புத் தளமான சைஆர்க்கைவில் முன்பதிப்பு, அதாவது இதழில் வரும் முன் ஆசிரியர்கள் பகிரும் பிரதி, இருக்கலாம். இல்லையென்றால் நூலகங்களுக்கிடையே இரவல் கேளுங்கள். இந்தச் சேவையைக் கேட்கத் தயங்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளுக்கு 'சைல்ட்ஸ்' தளம் உண்டு. ப்ரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984இல் தொடங்கியது. பெற்றோர் நிரப்பிய சொற்பட்டியல் தரவுக்கு 'வேர்ட்பேங்க்'. காணொளிகளுக்கு 'டேட்டாபிரரி', அதில் நுழைய நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், மாணவர் என்றால் வழிகாட்டியின் பொறுப்பில்தான் அனுமதி.

கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஜோடெரோ என்ற மென்பொருள் போதும், வேறெதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. இலவசம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் எச்சரிக்கவும் செய்யும். ஒவ்வொரு கட்டுரைக்கும் வயதை மாதக் கணக்கில் குறிச்சொல்லாகப் போடுங்கள்: '18-24 மாதம்' என்று.

பின்சேர்க்கை: வயது வடிகட்டியே திரையில் இல்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். நூலக முகப்பில் இருக்கும் பெரிய தேடல் பெட்டி பல தளங்களை ஒன்றாகத் தேடுவது. வயதுப் பிரிவுகள் பொதுவாக அங்கே வராது. நூலகத்தின் தரவுத்தளப் பட்டியலுக்குப் போய், சைக்இன்ஃபோவை மட்டும் தனியே திறந்து, விரிவான தேடல் பக்கத்துக்குச் செல்லுங்கள். கீழே உருட்டினால் 'ஏஜ் குரூப்ஸ்' தெரியும்.

இன்னொன்று: வடிகட்டி போட்டதும் கோட்பாட்டுக் கட்டுரைகள் காணவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆய்வில் பங்கேற்றவர்கள் இருந்தால்தானே வயதுப் பிரிவு பதிவாகும்? கோட்பாட்டு எழுத்துக்களை வயது வடிகட்டி இல்லாமல் தனித் தேடலாக எடுத்து, ஜோடெரோவில் வேறு அடுக்கில் வையுங்கள்.