வெளிநாட்டில் கொள்கைப் படிப்பு: திட்டமிடும்போதே நடக்கும் தவறுகள்

அரசுகளும் ஐ.நா. போன்ற அமைப்புகளும் கொள்கை வகுக்கும் சர்வதேசக் கொள்கைத் துறைக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். பெரிய தவறு இதுதான் என்பேன். எந்த வேலை, அதற்கு யாரை எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பட்டம் என்ற கேள்விக்கே வர வேண்டும்.

ஐ.நா. செயலகத்தின் வேலை அறிவிப்பு ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பி-3 எனப்படும் இடைநிலை அதிகாரிப் பணி என்றால் வழக்கமாக முதுகலைப் பட்டத்தோடு 5 ஆண்டு அனுபவம் கேட்டிருப்பார்கள். அதற்குக் கீழுள்ள பி-2 என்றால் 2 ஆண்டு. இளங்கலை முடித்த கையோடு முதுகலையையும் முடித்து விண்ணப்பித்தால், முதல் வடிகட்டலிலேயே பெயர் விழுந்துவிடும். நடுவில் சில ஆண்டுகள் வேலை பார்ப்பது வீண் இல்லை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கே 2 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும்.

அடுத்தது பாஸ்போர்ட், அதாவது நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பது. இதைப் பலர் பட்டம் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஐ.நா.வின் இளம் வல்லுநர் தேர்வை எழுத வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, சரி. ஆனால் அந்த ஆண்டு தேர்வில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடும் இருக்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளில் ஜேபிஓ எனப்படும் இளநிலைப் பணியிடங்களுக்குச் செலவை ஏற்கும் அரசுகள் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே அனுப்புகின்றன. வாஷிங்டனில் படித்தவர் என்பதற்காக அமெரிக்க வெளியுறவுத் துறை தூதரக அதிகாரியாக எடுத்துக்கொள்ளாது. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம்.

விசாவிலும் இதே கதைதான். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவர்களுக்கு ஓபிடி, அதாவது படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். மேலும் 24 மாதம் வேண்டுமென்றால் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் வர வேண்டும். புள்ளியியல், பொருளாதாரம் அதிகமுள்ள சில கொள்கைப் படிப்புகள் அதில் வரும், பல வராது. சேருவதற்கு முன்பே கல்லூரியிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உதவித்தொகை கிடைத்த மகிழ்ச்சியில் நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் உண்டு. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை மாணவர்களின் ஜே-1 விசாவிலும் இதேபோல் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்கும் விதி இருக்கிறது. ஊர் திரும்பி அரசிலோ ஆய்வு நிறுவனத்திலோ சேர நினைப்பவருக்கு இவை அருமையான வாய்ப்புகள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தேட நினைப்பவருக்குச் சரிப்படாது.

பயிற்சிப் பணிக்கும் (இன்டர்ன்ஷிப்) பணம் ஒதுக்கி வையுங்கள். ஐ.நா. செயலகம் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. நியூயார்க், ஜெனீவா வாடகை உங்கள் கையிலிருந்துதான். ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உலகச் சுகாதார நிறுவனம் போன்றவை உதவித்தொகை தருகின்றன. முதலில் அவற்றைப் பாருங்கள்.

அப்புறம், மொழி. ஐ.நா. செயலகத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஜெனீவாவிலும் மேற்கு ஆப்பிரிக்கக் களப்பணிகளிலும் பிரெஞ்சு தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. வேலையில் பேசும் அளவுக்கு ஒரு மொழி வர ஆண்டுக்கணக்கில் ஆகும். முதுகலைப் பாடச்சுமையோடு சேர்த்துப் படிப்பது கடினம். விண்ணப்பம் எழுதும் காலத்திலேயே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.