கார்னேஷனும் தக்காளியும் ஒரே லோரியில் வேண்டாம்

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் எஸ்டேட் வேலையை விட்டுக் கார்னேஷன் பூக்கொட்டகை போடும் தம்பிகளைப் பார்க்கிறேன். நாங்கள் அன்று விழுந்த குழியிலேயே வரிசையாக விழுகிறார்கள். உரம், மருந்து அளவையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார், அதை விடுங்கள்.

ஆழமாக நடுதல்

நாற்றைக் கழுத்துவரை புதைத்தால் தண்டு அழுகும். வேர்க்கட்டியின் மேல்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியட்டும். முதலில் சாய்ந்துதான் நிற்கும், பயப்படாதீர்கள்.

வலையைத் தாமதமாகக் கட்டுதல்

தண்டைத் தாங்கும் வலையின் முதல் அடுக்கை நடும் முன்பே விரித்துவிடுங்கள். வளைந்த தண்டுக்கு விலை இல்லை.

வாடிய செடியை விட்டுவைத்தல்

பியூசேரியம் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். வேர் மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதே குழியில் மறுநாற்று வேண்டாம்.

தக்காளியோடு ஏற்றுதல்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அன்னையர் தினத்துக்கு முன் பக்கத்துக் கொட்டகைத் தம்பி அருமையான பூ வெட்டினார். நிறம், தண்டு நீளம், எதிலும் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூர் போகும் காய்கறி லோரியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று, பழுத்த தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வாளிகளை ஏற்றிவிட்டார். இறக்கும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. மறுநாள் கடையிலிருந்து போன்: “என்ன தம்பி, பூவெல்லாம் தூங்குது?” இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு, விரிந்த பூவெல்லாம் மறுபடி மூடிக்கொண்டிருந்தன. புள்ளி இல்லை, அழுகல் இல்லை. தம்பி பூச்சிமருந்தைச் சந்தேகப்பட்டார், நாற்று விற்றவரைத் திட்டினார். தக்காளியை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

பழுக்கும் தக்காளியும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடும். லோரிப் புகையிலும் அது உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கார்னேஷன் சுருண்டுவிடும். சுருள ஆரம்பித்த பூ தானும் எத்திலீனை விட்டுப் பக்கத்துப் பூவையும் கெடுக்கும். அதனால் பழைய பூ ஒன்றைக்கூட வாளியில் வைக்காதீர்கள். குளிரில் பாதிப்பு குறைவுதான், சரி, ஆனால் மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கிய பிறகு சாதாரண லோரிக்குள் ஏது குளிர்?

வெட்டியதும் தண்டைச் சில்வர் தயோசல்பேட் கரைசலில் நிறுத்தினால் எத்திலீனின் வேலை பூவில் எடுபடாது. அந்தத் தைரியத்தில் மறுபடி தக்காளியோடு ஏற்றுபவர்கள் என்னிடம் புலம்ப வராதீர்கள். அப்புறம், மிச்சக் கரைசலில் வெள்ளி இருக்கிறது. வாய்க்காலில் ஊற்றக் கூடாது.

முழுதாக விரிந்தபின் வெட்டுதல்

ஒற்றைப்பூ வகையில் இதழ்கள் தூரிகை முனைபோல் நிமிர்ந்து நிற்கும்போதே வெட்டுங்கள். கொத்துப்பூ வகைக்கு இரண்டு பூ விரிந்தால் போதும்.